சைரன் வாங்கிய சின்ன ரிம்

ஆம்புலன்ஸின் சைரன் ஒருநாள் பாதி வழியில் செத்துப்போனது. உள்ளே மூச்சுத் திணறும் நோயாளி, வெளியே நகராத நெரிசல். ஓட்டிக்கொண்டிருந்தவள் கண்ணாடியை இறக்கினாள், தலையை வெளியே நீட்டினாள், "தள்ளுங்கடா எல்லாரும்!" என்று ஒரு சத்தம் போட்டாள். அடேயப்பா, அது என்ன தொண்டையா, வேறு ஏதாவதா! லாரி ஒதுங்கியது, பஸ் ஒதுங்கியது, ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளோடு நடைபாதையில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை கத்திக்கொண்டே வந்து சேர்ந்தாள். நோயாளி பிழைத்தார். அன்றிலிருந்து வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் சைரன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புகிறவள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் இல்லை. சொல்கிறவர் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வாள். "எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு. பொம்பளை எதற்கு ஆம்புலன்ஸ் ஓட்ட வேண்டும் என்று கேட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அவர்களில் மூன்று பேரை அவளே பிறகு ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஏற்றும்போது ஞாபகமாக, "பொம்பளை ஓட்டறேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்தில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கைபட்ட லிஃப்ட்தான் ஓடுகிறது. ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ பொறுமை இல்லாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். கூண்டு குலுங்கியது. அவர் குழிக்குள் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அன்று சைரனுக்கு விடுமுறை. வேறொருவர்தான் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார். வழியில் இருந்த பள்ளங்களில் ஒன்றையும் விடாமல் இறங்கி ஏறி வந்தாராம் அந்தப் புண்ணியவான். "நான் ஓட்டியிருந்தா உங்க முதுகு இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்று சைரன் இன்றைக்கும் பொருமுவாள். டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டார். அவள் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

லிஃப்ட்காரர் சக்கர நாற்காலிக்குப் பழகிக்கொண்டார். சமையல் மேடையை இறக்கிக் கட்டினார், கதவுகளின் கீழ்ச்சட்டங்களை அறுத்து எறிந்தார், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் தரையிலிருந்து நாற்காலிக்கும் கையை ஊன்றி ஏறப் பயிற்சி எடுத்தார். தோள் இரண்டும் மல்யுத்தக்காரனுக்கு ஆனதுபோல ஆயிற்று. அவருக்குப் பழகாதது ஒன்றே ஒன்றுதான்.

உறவில் ஒரு கல்யாணம். மண்டபம் மாடியில். லிஃப்ட் கிடையாது. சைரனின் தம்பி சும்மா இருப்பானா? தம்பியென்றால் சின்னப் பையன் இல்லை, ஐம்பதைத் தாண்டியவன், ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கடை வைத்திருப்பவன். தங்கமானவன், உதவி என்றால் ஓடி வருவான். மூன்று பேரைக் கூப்பிட்டுச் சேர்த்தான். "மாமா, நீங்க சும்மா உக்காந்திருங்க" என்று நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிவிட்டான். அவர் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் பாதிப் படி ஏறிவிட்டார்கள். திருப்பத்தில் நாற்காலியைச் சாய்த்து, "இந்தப் பக்கம் பிடி, அந்த முனையைத் தூக்கு" என்று, கடையில் ஃப்ரிட்ஜ் ஏற்றும்போது பேசுகிற அதே பேச்சு. மேலே போனதும் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தர் போட்டோ எடுத்தார்.

வீட்டுக்கு வந்து லிஃப்ட்காரர் சொன்னார். "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. நானா போக முடியாத இடம் எனக்கு வேணாம்."

அதற்குப் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் அவர் அந்தச் சொல்லை மாற்றவில்லை. எத்தனை விசேஷம் வந்தது, எத்தனை பேர் கோபித்துக்கொண்டார்கள்! படி இருக்கிறதா? இருக்கிறது. அப்படியென்றால் வரவில்லை. முடிந்தது பேச்சு. நகரத்தில் படி இல்லாத இடம் எது? பூங்காவும் பஸ் நிலையமும்தான். அங்கேயே போய் வந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் தொலைக்காட்சியில் உப்பு ஏரி ஒன்றைக் காட்டினார்கள். தண்ணீர் வற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைவெளேரென்று தரை. மரம் இல்லை, வீடு இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. லிஃப்ட்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைரன், பாத்தியா? ஒரு படி கிடையாது. ரெண்டாவது மாடின்னு ஒண்ணு இல்லாத ஊரு. அங்க ஒருவாட்டி போய் உருட்டணும்."

அவர் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அடுத்த நாளே சைரன் ஆஸ்பத்திரிக்குப் போய், ஏலத்தில் கழிக்கப்போகும் பழைய ஆம்புலன்ஸுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வண்டி வந்ததும் வீடு பட்டறையாகிவிட்டது. ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற மூலையில் அடுப்பு, மருந்து அலமாரியில் துணிமணி, அதன் பக்கத்தில் தம்பி தன் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்த ஃப்ரிட்ஜ். பின்கதவில் ஏறி இறங்கும் சாய்வுப் பலகையை மட்டும் லிஃப்ட்காரர் யாரையும் தொடவிடவில்லை. கயிறு, கப்பி, எதிர் எடை எல்லாம் வைத்து லிஃப்ட் மாதிரியே செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கையால் கயிற்றை இழுத்தால் பலகை மடிந்து உள்ளே போகும், விட்டால் இறங்கும். வண்டியின் தரை உயரத்துக்கும் அவர் கை வலுவுக்கும் சரியாக வருகிற மாதிரி நீளம். அதற்கு மேல் நீட்டினால் வண்டிக்குள் மடங்காது, அவராலும் இழுக்க முடியாது.

"பேசாம கரண்ட்ல தூக்கற மாதிரி ஒண்ணு மாட்டிருங்களேன் மாமா" என்றான் தம்பி.

"ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணவன் மச்சான் நான். அதெல்லாம் எப்ப நின்னுபோகும்னு எனக்குத்தான் தெரியும். நடுக்காட்டுல நின்னா மெக்கானிக்குக்கு போன் போடணும். போன் அடிச்சா என் சட்டைப் பைக்குள்ளதான் மணி அடிக்கும்" என்றார் அவர்.

மிச்சம் இருந்தது டயர்தான். வண்டியில் இருந்தவை நகரத்துத் தார்ச்சாலைக்கான டயர்கள். உப்பு ஏரிக்குப் போகும் வழியோ பாதிக்கு மேல் சரளைக் கல், கடைசியில் மணல். எந்தக் கரடுமுரடிலும் ஓடும் ஆல்-டெரெய்ன் டயர் போடாமல் போனால் வண்டி திரும்பாது என்று எல்லாரும் சொன்னார்கள். அதில் சைரனுக்கும் மறுப்பில்லை. ஆனால் எந்த அளவு, எந்த ரிம் என்பதில் அவள் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த வண்டி நின்றாலும் குனிந்து டயரில் எழுதியிருப்பதைப் படித்தாள். ஒரு காரின் சொந்தக்காரர் வந்து, "என்னம்மா தொலைஞ்சுபோச்சு?" என்று விசாரித்தார்.

தம்பிக்கு இது தாங்கவில்லை. அவன் கடைக்கு யார் வந்து எந்த ஃப்ரிட்ஜ் கேட்டாலும் அதற்கு அடுத்த சைஸைத் தலையில் கட்டி அனுப்புவது அவன் வழக்கம். நெஞ்சார நம்பித்தான் செய்வான். பெரியது எதுவோ அதுதான் நல்லது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "ஒரு நாளைக்கு வண்டியக் குடு அக்கா, சர்வீஸ் பண்ணிக் கொண்டாறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

திரும்பி வந்த வண்டியைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. பதினெட்டு இஞ்ச் கறுப்பு அலாய் வீல். தவளைத் தோல் மாதிரி முண்டு முண்டாகப் பட்டன் வைத்த அகல டயர். டயர் உள்ளே உரசாமல் இருக்க ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்து வண்டியையே முக்கால் சாண் தூக்கியிருந்தார்கள். பழைய ஆம்புலன்ஸ் குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றது.

"எப்படி அக்கா? என்னோட பரிசு! இனி மலையே வந்தாலும் ஏறிடும்" என்றான் தம்பி. சந்தோஷத்தில் அவன் முகம் பளபளவென்று இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சைரன் வாயைத் திறக்காமல் நின்றாள். இல்லாவிட்டால் அங்கேயே ஒரு வழி செய்திருப்பாள்.

லிஃப்ட்காரர் நாற்காலியை உருட்டினார். பின்பக்கம் போனார். பலகையை இறக்கினார். முன்பு சாய்வாக இருந்த பலகை இப்போது செங்குத்தாக நின்றது. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து ஏறினார். பாதி ஏறியதும் நாற்காலியின் முன்பக்கம் மேலே தூக்கியது. கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தள்ளு. நாற்காலி நகரவில்லை. பின்னால் வழுக்கத் தொடங்கியது.

தம்பி பதறி ஓடி வந்து முதுகுப் பக்கம் கை கொடுத்தான். "விடுங்க மாமா, நான் தள்ளறேன். ஏறும்போது மட்டும் ஒரு கை குடுத்தாப் போதும், அவ்வளவுதானே!"

"கையை எடு மச்சான்."

"விழுந்துருவீங்க மாமா!"

"எடுன்னு சொன்னேன்."

கையை எடுத்தான். அவர் சறுக்கிக்கொண்டே கீழே வந்து தரையில் நின்றார். மூச்சு வாங்கியது. வண்டியைப் பார்க்காமல் சைரனைப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சைரன் தம்பியிடம் திரும்பினாள். "டேய், ஒரு கை குடுத்தாப் போதும்னு சொன்னியே, அந்த ஒரு கைதாண்டா விஷயமே! அது வேணாம்னுதான் இத்தனை வருஷமா பஸ் ஸ்டாண்டையே சுத்திட்டிருக்காரு. வண்டி எதுக்கு? அவரு ஏறறதுக்கு. அவரு ஏறாத வண்டி மலை ஏறினா என்ன, மரம் ஏறினா என்ன?"

"ரோட்டுக்கு ஏத்த டயர் வேணாமா அக்கா? பெரிய டயர் போட்டாத்தானே போக முடியும்? எல்லாரும் அதைத்தானே போடறாங்க?"

சொல்லக்கூடாத அந்தச் சொல்லை அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் கடை திறக்கும்போதே சைரன் டயர்க்கடையில் இருந்தாள். கடைக்காரர் வயதானவர், தலையில் ஒரு முடி கிடையாது. தேய்ந்த டயரோடு வருகிறவர்களிடம் தன் தலையைத் தடவிக் காட்டி, "இதுல ஓட்டுவீங்களா?" என்று கேட்பார். அவரிடம் அவள் சொன்னாள். "இதைக் கழட்டி, கட்டையையும் எடுத்திருங்கண்ணே. எனக்குப் பதினஞ்சு இஞ்ச் ரிம் வேணும். சாதா இரும்பு ரிம்."

அவர் காதைக் குடைந்துகொண்டார். "வண்டில முதல்ல இருந்தது பதினாறு. இப்ப பதினெட்டு. எல்லாரும் ஏத்திட்டுப் போவாங்க. நீ என்னம்மா இறக்கிட்டுப் போறே?"

"ரிம் சின்னதானா டயர்ல ரப்பர் அதிகம் வருமா வராதா?"

"வரும்."

"மொத்த உயரம் பழையபடியே இருக்கற மாதிரி டயர் இருக்கா இல்லையா?"

அவர் விரலால் காற்றில் கணக்குப் போட்டார், உள்ளே போய் ஒரு ஆல்-டெரெய்ன் டயரை உருட்டிக்கொண்டு வந்து பழைய டயருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டும் ஒரே உயரம். புதியதில் நடுத் துளை சின்னது. சுற்றிலும் ஒரு விரல் அளவு ரப்பர் அதிகம். அகலமும் கொஞ்சம் கூடுதல்.

"அந்த ஒரு விரலுக்குத்தான் அண்ணே வந்தேன். மணல்ல காத்தை இறக்கினா பரந்து நிக்கணும், கல்லுல விழுந்தா முதுகுக்கு அடி போகக் கூடாது. பலகையும் மாறக் கூடாது."

கூட வந்திருந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டான். பக்கத்தில் டயர் மாற்ற நின்ற இரண்டு பேர், "ஆட்டோ டயர் கேட்டுப் பாருங்கம்மா, இன்னும் சின்னதா இருக்கும்" என்று சிரித்தார்கள். சைரன் திரும்பி, "உங்களைக் கேட்டேனா?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைக்குள் காற்று அடிக்கும் இயந்திரமே ஒரு நொடி நின்றுபோனது போலிருந்தது.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு சிக்கல் இருக்கு தங்கச்சி. ஒண்ணு, சின்ன ரிம் பிரேக்ல இடிக்கும். ரெண்டாவது, இந்த டயர் உன் பழைய டயர் அளவுக்கு எடை தாங்காது. இதோ பக்கத்துல எழுதியிருக்கு பார். நீ உள்ள என்னென்ன ஏத்தியிருக்கியோ, எனக்குத் தெரியாது."

இது காரணம். காரணத்துக்கு அவள் எப்போதும் தலை வணங்குகிறவள். வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். கரகரவென்று பிரேக்கில் உரசியது. தம்பி, "சொன்னேனா?" என்றான். கடைக்காரர் பரணில் ஏறி, வயிறு வெளியே தள்ளிய வேறு மாதிரி ரிம் ஒன்றைத் தேடி எடுத்தார். சுற்றினார்கள். சத்தம் இல்லை. நகம் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி, ஆனாலும் இடைவெளி இடைவெளிதான்.

அடுத்தது எடை மேடை. சாமான்களோடு ஏற்றியபோது டயர் தாங்குவதைவிட வண்டி கனமாக இருந்தது. சைரன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கண் நேராகத் தம்பி கொடுத்திருந்த ஃப்ரிட்ஜில் போய் நின்றது. வண்டிக்குத் தேவையானதைவிட ஒரு சைஸ் பெரியது. அதற்கென்று தனியாக இரண்டு பேட்டரி.

"அக்கா, வேணாம். அதுல கை வைக்காதே" என்றான் தம்பி.

"இறக்குடா."

"புத்தம் புதுசு அக்கா!"

"புதுசாத்தானே இருக்கு, கடையில வெச்சு வித்துக்கோ. உன் மாமா சில்லுன்னு தண்ணி கேக்கல, போகணும்னுதான் கேட்டாரு."

ஃப்ரிட்ஜ் இறங்கியது, பேட்டரிகள் இறங்கின, வண்டியின் எடை டயர் தாங்கும் அளவுக்குள் வந்தது. மேடைக்காரர் தலையாட்டியதும் சைரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எதற்கு இத்தனை சந்தோஷம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். "ஏங்க, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க. பிடிக்கலேன்னா திரும்பப் போய்ச் சாத்திக்குங்க."

வந்தார். வண்டி பழைய உயரத்தில் நின்றது. சாம்பல் நிற இரும்பு ரிம்மும் தடித்த ரப்பருமாக, பார்க்க அவ்வளவு அழகில்லைதான். குண்டுக் கன்னத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. அவர் சக்கரத்தைச் சுற்றி வந்து, ரப்பரை அமுக்கிப் பார்த்தார். பலகையை இறக்கினார். தம்பி சுவரோரம் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. உள்ளே போய்விட்டார். கயிற்றை இழுத்துப் பலகையையும் மடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "சைரன், எப்பக் கிளம்பறோம்?"

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என்ன இருந்தாலும் அந்த அலாய் வீல் அம்சமா இருந்துச்சுக்கா" என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

போனார்கள். தார்ச்சாலை தீர்ந்ததும் சரளை வந்தது. அந்தக் காலத்தில் எலும்பு முறிந்தவர்களை ஏற்றி ஓட்டியது போலவே ஓட்டினாள், கல்லைப் பார்த்துப் பார்த்து, பிரேக்கைத் தொடுகிறாளா இல்லையா என்றே தெரியாமல். லிஃப்ட்காரர் பின்னாலிருந்து, "முதுகு வலிக்கலை, சைரன்" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தார். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பழைய கோபம் ஒன்று அவளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு கூர்க்கல்லில் ரிம் நசுங்கியது. சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டாள். மணல் வந்ததும் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டாள். ரப்பர் பரந்து உட்கார்ந்தது, வண்டி முக்கி முனகிக்கொண்டே ஊர்ந்து கடந்தது.

மணல் முடிந்த இடத்தில் வெள்ளை தொடங்கியது.

தொலைக்காட்சியில் பார்த்ததைவிடப் பெரியது. ஏரிக்குள் வண்டியை இறக்கக் கூடாது என்று அறிவிப்பு எழுதி வைத்திருந்ததால் சைரன் கரையிலேயே நிறுத்தினாள். லிஃப்ட்காரர் கயிற்றை விட்டார். பலகை இறங்கியது. விறுவிறுவென்று உருண்டு வந்து உப்பில் இறங்கினார்.

நாற்காலியின் சக்கரம் பொருக்கை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கரையோரத்து உப்பு மெலிசு, கீழே சேறு. தள்ளினார். இன்னும் ஆழமாகப் போனது.

சைரன் அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். விரல் தடிமன், கட்டி ரப்பர். பஞ்சர் ஆகக் கூடாதென்று அவளே பார்த்து வாங்கியது. இறக்கிவிட அதில் காற்றே கிடையாது. உலகத்தில் நிற்கிற வண்டியின் டயரையெல்லாம் குனிந்து குனிந்து படித்தவள், தினமும் தன் வீட்டுக்குள் ஓடுகிற இந்த இரண்டு டயரை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

"ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்க!" என்று பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்காகத்தானே இத்தனையும் பண்ணேன், உங்க சக்கரத்தையே மறந்துட்டேனே!"

கொஞ்சம் தள்ளி ஒரு வண்டி நின்றிருந்தது. பதினெட்டு இஞ்ச் அலாய், தவளைத்தோல் டயர், தம்பி பார்த்தால் கும்பிட்டிருப்பான். அதில் வந்த நான்கு பேரும் ஓடிவந்தார்கள். வாட்டசாட்டமான ஆட்கள், நல்ல மனசுக்காரர்கள். "கவலைப்படாதீங்க ஐயா! உள்ள போயிட்டா உப்பு சிமென்ட் தரை மாதிரி கெட்டியா இருக்கு. இந்தக் கொஞ்ச தூரம்தான் பொதபொதன்னு இருக்கு. தூக்கிட்டுப் போய் விட்டுடறோம்" என்று நாற்காலியின் நான்கு பக்கமும் குனிந்தார்கள்.

"கையை எடுங்க!"

சைரனின் தொண்டை அது. ஏரியின் அந்தக் கரைவரை போயிருக்கும். நான்கு பேரும் நெருப்பைத் தொட்டவர்கள்போலத் துள்ளி விலகினார்கள்.

லிஃப்ட்காரர் கெட்டித் தரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, உப்பில் இறங்கி உட்கார்ந்தார். கையைப் பின்னால் ஊன்றினார், இடுப்பை இழுத்தார். ஒரு சாண் நகர்ந்தார். மறுபடி ஊன்றினார், மறுபடி இழுத்தார்.

"ஐயா, நாங்க என்னதான் செய்யட்டும்?" என்று அந்த நான்கு பேரில் ஒருவர் தவிப்போடு கேட்டார்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கவில்லை, குறும்புதான் இருந்தது. "தூக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா, அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க. என்னைத் தூக்க வேணாம். பாத்து, பெயின்ட் உரசிடப் போகுது."

சைரன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புடவையை வரிந்து கட்டினாள், அவரை ஒட்டி உப்பில் உட்கார்ந்தாள், கையை ஊன்றி இடுப்பை இழுத்தாள். "நீ எதுக்கு? நடந்து வாயேன்" என்றார் அவர். "உங்களைக் கேட்டேனா?" என்றாள். உள்ளங்கை இரண்டும் உப்பில் எரிந்தன. இருவரும் ஊன்றி ஊன்றிப் போனார்கள். பின்னால் நான்கு பேர், காலி நாற்காலியை ஆளுக்கொரு மூலையில் பிடித்து, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவர்கள் மாதிரி, மெதுவாக நடந்து வந்தார்கள். அவரை முந்தவில்லை.

உப்பு கெட்டியானதும் நாற்காலியை வைத்தார்கள். அவர் வீட்டில் பழகியபடியே ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் இருக்கையைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார்.

போனது பாருங்கள்! கீழ்ச்சட்டம் இல்லை, படி இல்லை, மேடு இல்லை, தடுக்க ஒன்றும் இல்லை. கட்டி ரப்பர் அந்தத் தரையில் சொய்யென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. சைரன் எழுந்து, பின்பக்கமெல்லாம் வெள்ளையாக, மூச்சிரைக்க ஓடினாள். பிடிக்க முடியவில்லை.

"ஏங்க! நில்லுங்க! மெதுவா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே கத்தினார்.

"போ, போ! நீ எவ்வளவு சைரன் அடிச்சாலும் இன்னிக்கு வழி விடமாட்டேன்!"